அழைக்கக் கூடாத விருந்து

"யாரையுமே கூப்பிடலைன்னா, அவங்க எப்படிம்மா வருவாங்க?"

நெவேனா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் கேட்ட கேள்வி அது. குலப் புனிதரான நிக்கோலாவின் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாவு பிசைந்த கையோடு நின்றிருந்த விதோசவா, "தானா வருவாங்கடி. போய் வால்நட்டை உடை" என்று மட்டும் சொல்லிவிட்டாள். இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்... அந்த நாளுக்கு யாரையும் அழைக்கக் கூடாது, அழைத்தால் 'நீங்கள் வேற்று ஆள்' என்று முகத்துக்கு நேரே சொல்வதைப் போல என்று விளக்கியிருக்கலாம். அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் எத்தனையோ வருஷமாக மனசுக்குள் தன்னையே அடித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது நெவேனா கல்யாண வயதுப் பெண். மறுபடியும் புனித நிக்கோலா நாள். ஆனால் வெளியே இரவு முழுக்கப் பனிப்புயல். விடிந்தபோது வேலியைக் காணவில்லை. பாதையைக் காணவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாதிரியார்கூட வர முடியாமல், அப்பாவும் மகளுமே ரொட்டியைச் சுழற்றி, ஒயின் தெளித்து, சிலுவையாக வெட்டினார்கள்.

வீட்டுக்குள் எல்லாம் தயாராக இருந்தது. அடுப்பு கணகணவென்று எரிந்தது. அவரைப்பயறும் வெங்காயமும் மண்சட்டியில் வெந்துகொண்டிருந்தன. வறுத்த மீன் மேஜையில் அடுக்கியிருந்தது. வருகிறவர் முதலில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட வேண்டிய இனிப்புக் கோதுமை, கண்ணாடிக் கிண்ணத்தில் யாரும் தொடாமல் இருந்தது. நடுவில் பெரிய மெழுகுவர்த்தி. அதற்கு மேலே, கிழக்குச் சுவரில், புனிதரின் படத்துக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு சின்ன எண்ணெய் விளக்கு.

விதோசவாவின் கணவன் ராதோயே மட்டும் நின்றுகொண்டே இருந்தான். சலவை செய்த வெள்ளைச் சட்டை, கையில் பழச்சாராயப் புட்டி. ஜன்னலுக்குப் போவான், கதவுக்குப் போவான், மெழுகுவர்த்திக்குத் திரும்பி வருவான். காற்று அலறும்போதெல்லாம் சுடரைக் கையால் மறைப்பான்.

"கொஞ்சம் உட்காருங்களேன். முட்டி வலிக்கப் போகுது..."

"விருந்தாளிக்கு ஊத்தாம வீட்டுக்காரன் உட்காருவானா? எங்கப்பா உட்கார்ந்தாரா, எங்க தாத்தா உட்கார்ந்தாரா?"

"அப்பா, பூனையை விருந்தாளின்னு வச்சுக்கலாமா?" என்றாள் நெவேனா. "அதுவும் யாரும் கூப்பிடாமத்தான் வந்துச்சு."

"வாயை மூடுடி! சிரிக்கிற நாளா இது? இந்த வீட்டுல இந்த நாள்ல ஒரு ஆள் வராம இருந்ததே கிடையாது!"

விதோசவா சட்டியைக் கிளறினாள். அவன் ஜன்னலில் எதைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒரே ஒரு புகைபோக்கி. அவன் தங்கை தாரிங்கா வாழ்க்கைப்பட்ட வீடு. இந்தப் புயலில் நடந்தே வந்துவிடக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அந்த ஒரே ஆள்தான் இந்த வாசலை மிதித்துப் பல வருஷமாகிறது.

தாரிங்கா...! விதோசவா புதுப் பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்த வருஷம், அவள் சுட்ட முதல் விழா ரொட்டி மேலே இரண்டாகப் பிளந்துவிட்டது. புனிதரின் ரொட்டி பிளந்தால் வந்த மருமகளால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். விடியற்காலையில் அடுப்பங்கரையில் விம்மிக்கொண்டிருந்தவளின் தோளைத் தொட்டாள், அப்போது கல்யாணமாகாத தாரிங்கா. தானே வேறு மாவு பிசைந்து வைத்தாள். பிளந்த ரொட்டியை இடுப்பில் கட்டிய சமையல் துணிக்குள் மறைத்துக்கொண்டு போய்க் கன்றுக்குப் போட்டுவிட்டு வந்தாள். "அண்ணி, நீங்க ஒண்ணும் பார்க்கல. நானும் ஒண்ணும் பார்க்கல" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, சண்டையில்கூட. அந்த நல்ல மனசை விதோசவா ஒவ்வொரு ஜெபத்திலும் நினைத்துக்கொள்வாள்.

மத்தியானம் தாண்டியது. மீன் ஆறிப்போனது. ராதோயே திடீரென்று புட்டியை மேஜையில் ஓங்கி வைத்தான். சுடர் துடித்தது.

"எல்லாம் உன்னாலதான்!"

"என்னங்க... நல்ல நாளும் அதுவுமா..."

"நல்ல நாளா? நீதான் இந்த நல்ல நாளைக் கெடுத்தியே! என் கூடப் பிறந்தவ இன்னிக்கு இடுப்பளவு பனியா இருந்தாலும் நீந்தி வந்திருப்பா. அவ பிறந்த வீட்டுக்கு அவளுக்கே அழைப்பா? அதுவும் ஒரு சின்னக் குழந்தைகிட்ட சொல்லி அனுப்பி! கடையில ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேர் முன்னாடி! 'எங்க அண்ணி என்னை வேத்து ஆளாக்கிட்டா'ன்னு அவ அழுதுட்டே போனாளாமே... உனக்கு மனசு எப்படி வந்துச்சு?"

விதோசவா தலைகுனிந்து நின்றாள். இந்தக் குற்றச்சாட்டு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை மகள் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவன் இதைச் சொல்லியிருக்கிறான். மூலையில் நெவேனா வால்நட் உடைக்கும் சத்தம் நின்றுவிட்டதை அவள் கவனித்தாள்.

"எந்தக் குழந்தைப்பா?" நெவேனா மெதுவாக எழுந்தாள்.

"ஒண்ணுமில்லடி, நீ போய் விறகு..."

"இரும்மா. எந்தக் குழந்தை? நானா?" அவள் முகம் வெளுத்தது. "கடையில... உப்பு வாங்கப் போனப்போ... அத்தை நின்னுட்டு இருந்தாங்க. 'எங்க வீட்டு விழாவுக்கு வாங்க அத்தை, அம்மா சொல்லச் சொன்னாங்க'ன்னு சொன்னேன். ஐயோ... அம்மா சொல்லவே இல்லப்பா! பள்ளிக்கூடத்துல பிறந்தநாளுக்கெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவாங்க. பெரியவங்க சொன்னாங்கன்னு சேர்த்துச் சொன்னா மரியாதைன்னு நானேதான்..."

அவள் கையிலிருந்த வால்நட் தரையில் உருண்டது.

"அத்தை வராததுக்கு நான்தான் காரணமா? ஏம்மா எங்கிட்ட சொல்லல...?" அவள் உடைந்து அழுதாள்.

ராதோயே மனைவியைப் பார்த்தான். "நீ அனுப்பலையா? நான் கேட்டப்போ 'நான்தான்'னு சொன்னியேடி!"

"சொன்னேங்க."

"ஏன்?"

விதோசவா மகளின் கண்ணைத் தன் சமையல் துணியால் துடைத்தபடியே சொன்னாள். "நீங்க அவளை அடிச்சிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா ஒவ்வொரு வருஷமும் இந்த நாள்ல என்னைப் பார்த்தீங்களே ஒரு பார்வை... அதை ஒரு குழந்தை எப்படிங்க தாங்கும்? நான் தாங்கிக்கிட்டேன். தப்பும் என்னோடதுதான். கேட்ட பிள்ளைக்கு ஒழுங்கா விளக்கிச் சொல்லல."

ராதோயே சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். "பாவி நான்..." என்றான் கடைசியில். "விதா, உன்னை எப்படியெல்லாம் பேசிட்டேன்..."

பிறகு, கூண்டில் அடைத்த மிருகம்போல அவன் மறுபடியும் நடக்கத் தொடங்கினான். "இப்பவே போறேன் அவகிட்ட! ஐயோ, மெழுகுவர்த்தி எரியறப்போ வீட்டுக்காரன் தன் நிலத்தைத் தாண்டக் கூடாதே... ஆள் அனுப்பவும் முடியாது. அனுப்பினா அதுவும் அழைப்புத்தானே! என்ன செய்வேன்...?"

"வாசல்ல பனி கிடக்குதே" என்றாள் விதோசவா.

"அதுக்கென்ன இப்போ?"

"நம்ம வீட்டுப் பனியை நாம அள்றது அழைப்பு ஆகாதுங்க. ஓடைப் பாலம் வரைக்கும் நம்ம நிலம்தானே? பாதையைத் துப்புரவா வைக்கிறது வீட்டுக்காரன் வேலை. யாராவது பார்த்தா, பார்க்கட்டும்."

அவன் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு வெள்ளைச் சட்டைக்கு மேல் ஆட்டுத்தோல் மேலங்கியை மாட்டிக்கொண்டான். நெவேனா இன்னொரு மண்வாரியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

விதோசவா தனியாக மெழுகுவர்த்திக்குக் காவல் இருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் மூச்சால் ஒரு வட்டம் கரைத்துப் பார்த்தாள். வெள்ளைப் புகைக்குள் இரண்டு கறுப்பு உருவங்கள் குனிந்தன, நிமிர்ந்தன. அள்ளிய இடத்தைக் காற்று மறுபடி மூடியது. அவர்கள் மறுபடி அள்ளினார்கள். அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. சட்டியை இறக்கினாள், ஏற்றினாள். கரண்டியைத் துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். 'புனித நிக்கோலாவே... யாருக்கும் தெரியாம ஏழை வீட்டு ஜன்னல் வழியா பொற்காசு கொடுத்துட்டுப் போனவரே... ஒரே ஒரு ஆளைக் கொண்டுவந்து விடுங்க.'

மறுபடி பார்த்தபோது பாலத்தில் மூன்றாவதாக ஓர் உருவம் நின்றது. அதன் கையிலும் ஒரு மண்வாரி! அந்தப் பக்கத்துப் பனியை அள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள்... நெவேனா மண்வாரியைப் போட்டுவிட்டு அவள் காலடியில் விழுந்து என்னவோ சொல்வது தெரிந்தது. ராதோயேயும் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னான். பிறகு அந்த உருவம் இருவரையும் விலக்கிக்கொண்டு வீட்டை நோக்கி ஓடி வந்தது. பனியில் விழுந்தது, எழுந்தது, ஓடி வந்தது.

கதவு தடாலென்று திறந்தது.

"அண்ணி...!"

தலையெல்லாம் பனியோடு தாரிங்கா அவள்மேல் விழுந்தாள். "என்னை மன்னிச்சிடுங்க அண்ணி! ஒரு வார்த்தை உங்ககிட்ட நேரா வந்து கேட்டிருக்கலாமே... ஒரு குழந்தை சொன்னதை வச்சுக்கிட்டு... நான் பிறந்த வீட்டையே விட்டுட்டேனே!"

"அழாத தாரிங்கா... வந்துட்டல்ல... அது போதும்டி..." விதோசவாவின் கண்ணும் கொட்டியது.

அப்போதுதான் அவள் பார்த்தாள். தாரிங்காவோடு உள்ளே பாய்ந்த காற்றில், மேஜைமேல் மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. திரியிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது.

இந்தச் சுடர் தானாக அணைந்தால் அந்த வருஷம் வீட்டுக்கு ஆகாது. அதுவும் இத்தனை வருஷம் கழித்து வந்தவள் காலடி வைத்த நேரத்தில்... தாரிங்கா பார்த்தால் ஆயுசுக்கும் தன்னைத்தானே மன்னிக்க மாட்டாள். தாழ்வாரத்தில் ராதோயேயும் நெவேனாவும் காலணியிலிருந்து பனியை உதறும் சத்தம் கேட்டது.

விதோசவா நாத்தனாரை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் முகத்தைத் தன் தோளில் அழுத்தி, "அழுதுக்கோடி, நல்லா அழுதுக்கோ" என்றாள். காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். அழுகிறவளை அணைத்தபடியே இரண்டடி நகர்ந்து, ஒற்றைக் கையால் அடுப்போரத்துச் சுள்ளி ஒன்றை எடுத்தாள். புனிதரின் சிவப்பு விளக்கில் அதைப் பற்றவைத்தாள். மெழுகுவர்த்தித் திரியில் வைத்தாள். சுடர் ஒருமுறை தயங்கியது. பிறகு நிமிர்ந்து நின்றது.

சுள்ளியை அடுப்புக்குள் போட்டுவிட்டு, அந்தக் கையாலேயே தாரிங்காவின் தலைப் பனியைத் தட்டிவிட்டாள்.

கதவு திறந்து, ராதோயே உள்ளே வந்தான். சுடரைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோதுமைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.