சுவரில் சாய்ந்த தலை

சுவர் சுத்தமாக இருந்தது.

இராத்திரி வேலை முடித்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிலுக்கு மேலே, மனைவி பதினெட்டு வருஷம் தலை சாய்த்துச் சாய்த்துப் பதிந்துபோன எண்ணெய்க்கறை அங்கே இருந்தது. அவள் போன பிறகு வெள்ளையடிக்க வந்தவனைக்கூட அந்த ஒரு சாண் இடத்தைத் தொடவிடவில்லை. நேற்று வேலைக்குப் போகும்போதும் இருந்தது. இப்போது கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெறும் சுவர்.

அறைக்குள் ஆலைத்தொட்டி வாடை. புளித்த மாவும் காயாத துணியும் கலந்த வாடை. தொட்டி கழுவுகிறவருக்குத் தெரியாதா?

"எண்ணெய்க் கறையைக் கரைக்கிற நொதியை, தொட்டியில இருக்கிற இந்தக் கிருமிதான் சுரக்குதுண்ணே. மரபணுவை மாத்தி விட்டிருக்கோம். முன்னே பத்து செஞ்சதை இப்ப ஒண்ணே செய்யும்," என்று ஆய்வுக்கூடத்து அம்மா சொல்லியிருந்தாள். "ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது, ஆமா."

போனது. வேலைச்சட்டைப் பிசுக்குக்கு ஆகுமே என்று அவர்தான் ஒரு பாட்டில் பிடித்துவந்தார். துவைத்துத் தர வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். பாட்டில் சாய்ந்து கிடந்தது. அங்கிருந்து சுவரில் ஈரத்தடம், நத்தை ஊர்ந்ததுபோல. நேராக அவள் தலை இருந்த இடத்துக்கு.

பெட்டி!

ஓடிப்போய்த் திறந்தார். அவளுடைய துவைக்காத தலையணை உறை, மடித்தது மடித்தபடி, மஞ்சள் பூத்து இருந்தது. வாசமும் இருந்தது. உயிர் வந்தது அவருக்கு. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

அப்போது சத்தம் கேட்டது. உறிஞ்சுகிற மாதிரி, மெல்ல. சுவரில் இல்லை. பெட்டியில் இல்லை.

அவர் மார்பில்.

உறையை விரித்தார். விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை. பத்து வெள்ளை விரல்கள், பரவிக்கொண்டே.

நேற்று ராத்திரி வேலைக்குப் போனபோதே ஆலை வாசலில் வருகை மெஷின் அவர் கட்டைவிரலை ஏற்கவில்லை. "என்னண்ணே, ரேகையை வீட்லயே மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்று காவலாளி சிரித்தான். அவரும் சிரித்துவைத்தார்.

இப்போது உள்ளங்கையைப் பார்த்தார். ஒரு கோடு இல்லை.

உறையைக் கட்டிலில் போட்டார். நடுவில் மட்டும் இன்னும் மஞ்சள். அதுவும் சுருங்கியது. உள்ளங்கை அளவு. காசளவு.

ஒரே ஒரு தடவை.

குனிந்து முகம் புதைத்து மூச்சிழுத்தார். அவள்தான். அப்புறம் அவளும் இல்லை.

நிமிர்ந்தார். உறையில் வெள்ளையாக ஒரு முகம். அவர் முகம்.

மீசை அதிலேயே ஒட்டியிருந்தது.