இருபத்தேழாம் வரிசை

பதினான்காம் தளத்தில் லிஃப்ட் திறந்ததும் இருபத்து நான்கு வீடுகளின் பூட்டுகளும் ஒரே நேரத்தில் 'டக்' என்று விழும். அதன் பிறகுதான் நான் டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரலாம். தாழ்வாரத்தின் கோடியில் தின்பண்டப் பெட்டி நிற்கும். அதை நிரப்பப் பதினைந்து நிமிடம். நான் கிளம்பியதும் கூரைக் குழாய்கள் நான் விட்ட மூச்சை உறிஞ்சிவிட்டுப் புதுக் காற்றை ஊதும். அப்புறம் பூட்டுகள் திறக்கும், அதுவும் ஒரு சமயத்தில் ஒரு வீடுதான்.

பன்னிரண்டு வருடமாகக் காற்றுச் சட்டம் இப்படித்தான். ஒருவர் மூச்சை இன்னொருவர் இழுக்கக் கூடாது, கைக்குக் கை எந்தப் பொருளும் மாறக் கூடாது. தொற்று போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. சட்டம்தான் போகிற வழியைக் காணோம். ஓரகடத்தில் இந்தக் கோபுரத்தின் முப்பது தளத்துக்கும் தீனி போடுகிறவன் நான். ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. என் வீட்டுக்குப் போனாலும் அங்கே நான் மட்டும்தான்.

வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. பழைய தேதி முன்னால், புதுத் தேதி பின்னால். பாக்கெட்டின் முகம் கண்ணாடியைப் பார்த்து நிற்க வேண்டும். தேதி மேல்மடிப்பில் இருக்கும். என் கண் அதற்குக் கீழே இறங்காது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு தொல்லை ஆரம்பித்தது. பதினான்காம் தளத்துப் பெட்டியில் இருபத்தேழாம் வரிசை எள்ளுருண்டை. அந்தத் தளத்தில் அதை எடுக்கிறவர் ஒரே ஒருவர். திடீரென்று ஒரு நாள், விழுந்த பாக்கெட் எடுக்கப்படாமல் அந்த வரிசைக்கான கீழ்த்தட்டிலேயே கிடந்தது. விதிப்படி திருப்பி வரிசையில் வைத்தேன். பழைய தேதி என்பதால் முன்னால் வைத்தேன். மறுநாளும் அதே பாக்கெட் தட்டில். மறுபடி முன்னால். இப்படியே முப்பத்தொரு நாள்.

பாக்கெட்டைத் தள்ளுகிற ஸ்பிரிங் மெதுவாகச் சுற்றுகிறது, நின்று பார்த்துவிட்டு ஆள் போய்விடுகிறார் என்று நினைத்தேன். ஸ்பிரிங்கை இரண்டு தடவை மாற்றினேன். முப்பத்திரண்டாம் நாள் தட்டு காலியாக இருந்தது. பெரிய என்ஜினீயர் மாதிரி என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் டிப்போவிலிருந்து ஜெரினா காதுப்பேசியில் வந்தாள். பதினொரு வருடமாக என்னோடு பேசுகிற ஒரே ஆள். அவளையும் பார்த்ததில்லை.

"அருளப்பண்ணே, ஒங்க டிராலி வீல் கீச்சு கீச்சுன்னு கத்துது. எனக்கே இங்க கேக்குது. எண்ணெய் போடுங்கண்ணே."

போட்டேன். சக்கரம் வாயை மூடிக்கொண்டது.

போன திங்கட்கிழமை அந்தப் பாக்கெட்டின் தேதி முடிந்தது. தேதி முடிந்ததைக் கழிக்க வேண்டுமென்றால் பின்பக்கக் குறியைக் கருவியில் காட்ட வேண்டும். திருப்பினேன். பேனாவில் எழுதியிருந்தது.

'நிரப்புகிறவருக்கு. இது உங்களுக்குத்தான். உங்கள் டிராலி சத்தம் கேட்டால் எனக்குப் பொழுது விடிகிறது.'

அதன் கீழே: 'மறுபடியும் உங்களுக்குத்தான்.'

அதன் கீழே: 'எள்ளுருண்டை பிடிக்காதா?'

கடைசியில், சின்னதாக: 'சரி.'

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான் விழும். முப்பத்தொரு நாள் தன் வாய்க்குப் போகாமல் எனக்கு வைத்திருக்கிறார். நான் முப்பத்தொரு நாளும் வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன். போதாததற்குச் சக்கரத்துக்கு எண்ணெய் வேறு.

"ஜெரினா, இருபத்தேழாம் வரிசை எடுக்கிற ஆள் எந்த வீடு?"

"அதெல்லாம் எங்களுக்குக் காட்டாதுண்ணே. ஆனா அந்த வரிசையில மூணு மாசமா விற்பனையே இல்ல. இன்னியோட மூடச் சொல்லி வந்திருக்கு. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

கழிவுப் பையில் போட வேண்டியதை அங்கேயே நின்று பிரித்துத் தின்றேன். எள் லேசாகக் காறியிருந்தது. அழுகையோடு விழுங்கினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். 'சரி'க்குக் கீழே, 'சாப்பிட்டேன். மடையன், இன்றுதான் திருப்பிப் பார்த்தேன்' என்று எழுதிப் பாக்கெட் காகிதத்தை மடித்துத் தட்டில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. புதனும் அப்படியே. மூடின வரிசைக்கு யார் வரப்போகிறார்கள்? சக்கரச் சத்தம் நின்றதிலிருந்து, வந்து போகிறவன் நான்தான் என்பதே அவருக்குத் தெரியாதே. வீட்டுக்குப் போய்ச் சக்கரத்தைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை தேய்த்தேன்.

வியாழக்கிழமை லிஃப்டில் ஏறும்போதே கீச்சென்றது. பதினான்காம் தளத்தில் டிராலியைத் தேவையில்லாமல் இரண்டு தரம் போய்வர உருட்டினேன். எந்தக் கதவுக்குப் பின்னால் என்று தெரியாததால் எல்லாக் கதவு முன்னாலும் கொஞ்சம் நின்றேன். காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெரினா வந்தாள்.

"அண்ணே, பதினாலாம் தளத்துல யாரோ மூடின வரிசைய அழுத்தியிருக்காங்க. ஒரு தடவை இல்ல, ஒம்பது தடவை. அதுல ஒண்ணுமில்லன்னு கண்ணாடி வழியாவே தெரியுமே. சிஸ்டம் மறுபடி தொறந்துடுச்சு. எள்ளுருண்டை ஒண்ணு போட்டுடுங்க."

"போட்டுடறேன்."

"ஒங்க வீல் திரும்பவும் கத்துதுண்ணே."

"கத்தட்டும் ஜெரினா. எண்ணெய் தீந்துபோச்சு."

"இருக்கட்டும்ணே, எனக்கும் பழகிடுச்சு" என்றாள்.

தட்டில் காகிதம் இல்லை. அதை எடுத்தவரை நான் பார்க்கப் போவதில்லை, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியப்போவதில்லை. இருபத்தேழாம் வரிசையில் ஒரே ஒரு எள்ளுருண்டையை வைத்தேன். முதல் தடவையாக விதியை மீறிப் பின்பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி வைத்தேன். அதில், 'இன்றைக்கு நீங்கள் சாப்பிடுங்கள்' என்று எழுதியிருந்தேன்.