மெர்வ் வீட்டுக் கணப்பு

அந்தப் புகைபோக்கியிலிருந்து புகை எழுவதை முதல்முறை பார்த்தபோது நோலீனுக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. ஜூன் மாதம், பூமியின் தென்பாதியில் அது நடுக் குளிர்காலம். மாலை நேரம், எலும்பு வரைக்கும் குளிர். எந்த வீட்டில்தான் புகை வராது? தட்டுகளைக் கழுவி அடுக்கிய பிறகுதான் உறைத்தது, அது மெர்வ் டாட்லோவின் வீடு என்பதும், மெர்வைப் போன கோடையிலேயே புதைத்தாயிற்று என்பதும்.

போக்கிடமில்லாத ஆள் எவனோ புகுந்துவிட்டான் என்று நினைத்தாள். பாவம் என்றுகூட நினைத்தாள். ஆனால் அவளுடைய இரக்கமெல்லாம் புகை வேலியைத் தாண்டும் வரைக்கும்தான். பிராக்கன் ஓடை என்ற அந்த ஊர் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் கிடந்தது. குளிர்காலத்துப் புகை மேலே போகாமல் கூரைகளின்மேல் படுத்துக்கொள்ளும். மரம் அறுக்கும் ஆலையில் வாலிபத்தையெல்லாம் தூளோடு சேர்த்து விழுங்கிய அவள் புருஷன் டாரலுக்கு நுரையீரல் என்று சொல்லிக்கொள்ள அதிகம் மிச்சமில்லை. அதனால்தான் தெருவில் யார் சருகைக் கொளுத்தினாலும், ஈர விறகை எரித்தாலும், தோட்டத்தில் புல்லை இடுப்பளவு வளரவிட்டாலும் நோலீனின் புகார் கவுன்சிலுக்குப் போய்விடும். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'மோப்ப நாய்' என்று பெயர். தெரிந்தும் அவள் விட்டதில்லை. டாரல் இன்னொரு குளிர்காலத்தைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

கவுன்சிலிலிருந்து டீகன் என்ற பெண் வந்து மெர்வின் வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே நின்றாள்.

"உள்ள யாருமே இல்லைங்க நோலீன். கரண்ட்டும் வெட்டியாச்சு. வாசக்கதவு வரைக்கும் பிளாக்பெர்ரி முள்ளு. அதுக்குள்ள நுழையணும்னா முயலாப் பொறந்திருக்கணும்."

"அப்ப புகை எங்கேயிருந்து வருதாம்?"

"நான் நிக்கிறப்ப ஒண்ணும் வரலையே."

"சாயங்காலம் வந்து பாரு. நீங்கல்லாம் நாலு மணிக்கே கடையைக் கட்டிடுறீங்க."

டீகன் சிரித்தாள். "யாராவது எரிச்சா, கணப்பை மூடி வைக்கிறாங்கன்னு அர்த்தம். அடியில ஒரு இரும்புப் பிடி இருக்கும்ல, அதைத் தள்ளிட்டா காத்து அடைபட்டுடும். கட்டை எரியாது, விடியிற வரைக்கும் கனன்னுக்கிட்டே கிடக்கும். அதுதான் இந்தப் புகை. பிடியை இழுத்து விட்டாப் போதும், புகையே இருக்காது. இதை ஊர் பூரா சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

"மெர்வ் அப்படித்தான் மூடுவான். குளிர்காலம் பூரா ஒரே நெருப்பு, தீக்குச்சியே செலவில்லைன்னு பீத்திக்குவான்."

"அடுத்த வாரம் சுத்தம் பண்ணிடுறோம். முள்ளு, விறகுக் குவியல், கொட்டகை எல்லாம் போயிடும். ஒரு குச்சி இருக்காது. திருப்தியா?"

"திருப்திதான்," என்றாள் நோலீன்.

ஆனால் அந்த வாரம் முழுக்க மாலையில் புகை வந்தது. இருட்டத் தொடங்கும்போது முதலில் அந்த வாசனை வரும். யூகலிப்டஸ் கட்டை எரியும் வாசனை அவளுக்குத் தெரியும், பைன் மரத்தின் வாசனையும் தெரியும், குப்பையை எரிக்கும் அயோக்கியர்களின் வாசனையும் தெரியும். இது எதிலும் சேராமல், நனைந்த கம்பளிச் சட்டையும் மரத்தூளும் வலிக்குத் தேய்க்கும் தைலமும் கலந்து, எங்கேயோ மிக அருகில் முகர்ந்த வாசனையாக இருந்தது. எங்கே என்று நாள் முழுக்க யோசித்தாள். படுக்கையில் தலையணையை உதறும்போது தெரிந்துவிட்டது. டாரல் படுக்கும் பக்கம்.

மறுநாள் பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுப்பக்கம் சாய்வு நாற்காலியில் டாரல் மூச்சு விடுவது கேட்டது: ஒரு இழுப்பு, நடுவில் ஒரு சிக்கல், பிறகு நீளமாக ஒரு விசில். அதை எத்தனையோ இரவுகள் கேட்டுக்கொண்டே விழித்திருக்கிறாள். வேலிக்கு அப்பால் புகை ஒரு குவியலாக வந்தது, நடுவில் தடைபட்டது, பிறகு நீளமாக இழைந்தது. டாரல் இருமினான். புகைபோக்கியிலிருந்து மூன்று சின்ன உருண்டைகள் தெறித்தன. நோலீன் குழாயை மூடிவிட்டுத் திரைச்சீலையை இழுத்தாள்.

சொன்னபடியே ஆட்கள் இயந்திரங்களோடு வந்தார்கள். முள்ளைச் சீவினார்கள். கொட்டகையைப் பிரித்தார்கள், மெர்வ் அடுக்கிவைத்திருந்த விறகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாலைக்குள் வெறும் மண்ணும், அதன் நடுவில் அந்த வீடும் மட்டும் மிஞ்சின. நோலீனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இருட்டியதும் புகை வந்தது. இதுவரை வராத புகை. கறுப்பாக, கனமாக, கூரையிலிருந்து வழிந்து தரையோடு தரையாக வேலிக்கு அடியில் புகுந்தது. டாரலின் உதடு நீலமாகிவிட்டது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்தான். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, மலைப்பாதையில் பனிக்கட்டி, நேரமாகும் என்றார்கள் போனில்.

"அசையாம இரு. இதோ வந்துடுறேன்."

அவன் அவள் கையை விடவில்லை. விரல்களைப் பிரித்துவிட்டு ஓடினாள்.

மெர்வின் கதவு தள்ளியதும் திறந்தது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் இல்லாத வீட்டில் இருக்கக்கூடாத வெதுவெதுப்பு. கணப்பின் முன்னால் சாம்பல் துளிகூட இல்லாமல் கூட்டியிருந்தது. பக்கத்தில் விறகு போடும்போது மெர்வ் மாட்டிக்கொள்ளும் தோல் கையுறைகள். தொட்டுப் பார்த்தாள். இப்போதுதான் யாரோ கழற்றியதுபோல் சூடு.

கணப்பின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு கட்டை, சிவப்பாக, திணறிக்கொண்டு. பிடி முழுக்க உள்ளே தள்ளியிருந்தது.

இழுத்தாள்.

காற்று உள்ளே பாய்ந்தது. கட்டை மொத்தமும் மஞ்சளாகப் பற்றியது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். புகை நின்றுவிட்டது. தன் வீட்டின் வெளிச்சத்தில் டாரல் எழுந்து நிற்பது தெரிந்தது. பிடிமானம் இல்லாமல். கல்யாணமான புதிதில் நிற்பதைப்போல் தோளை விரித்துக்கொண்டு. நோலீனுக்கு அழுகை வந்தது.

திரும்பிப் பார்த்தாள். கட்டையில் பாதி இல்லை.

பிடியை மெல்லத் தள்ளினாள். சுடர் சுருங்கியது. ஜன்னலில் டாரல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

இழுத்தாள். நிமிர்ந்தான்.

அப்போது புரிந்தது. அந்தக் கட்டை இருக்கும் வரைக்கும்தான் டாரலின் மூச்சு. மூடி வைத்திருந்தது மூச்சை முட்டவைப்பதற்காக அல்ல. விடியும் வரைக்கும் தாங்கவேண்டும் என்பதற்காக.

விறகுப் பெட்டியைத் திறந்தாள். காலி. வெளியே ஓடினாள். வெறும் மண். ஒரு குச்சி இல்லை. அவள் கேட்டபடியே.

மூலையில் கிடந்த நாற்காலியின் காலை ஒடித்து, கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போட்டாள். பற்றவில்லை. மேல்சட்டையைக் கழற்றிப் போட்டாள். கருகக்கூட இல்லை. கட்டை இப்போது கையளவு. இப்போது விரலளவு. பிடியைத் தள்ளிப் பார்த்தாள். இவ்வளவு சின்ன நெருப்புக்கு அது உதவவில்லை, அணையப் பார்த்தது. திறந்தாள்.

"நோலீன்," என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. மூச்சு வாங்காமல், ஒரே வீச்சில், கணீரென்று. "எங்க போயிட்ட கண்ணு? நான் நல்லாயிட்டேன். டீ போடுறேன், வா."

நாற்காலிக் காலை வெளியே எடுக்கக் கையை உள்ளே விட்டாள்.

சுடர் அவள் கைப்பக்கம் திரும்பியது.

கையை இடப்பக்கம் நகர்த்தினாள். இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம். வலப்பக்கம் வந்தது. பால் குடிக்காத கன்றுக்குட்டி மடியைத் தேடுவதுபோல், அவளுடைய விரல்நுனியைப் பார்த்து நீண்டது.

முதுகுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், யாரோ தோல் கையுறைகளை மாட்டிக்கொள்ளும் சத்தம்.

வேலிக்கு அப்பால் டாரல் இருமினான்.

நோலீன் கையை எடுக்கவில்லை.