மூணு பேரும் பேசணும்

அனுசியாவின் பெயரில் நுழைவதற்காக வைத்திருந்த அம்மாவின் போனைப் பொற்கொடி இன்னும் கையில்கூட எடுக்கவில்லை. அதற்குள் ஆன்லைன் வகுப்பில் அனுசியாவின் பெயர் வந்து நின்றது.

மலைப் பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குச் சிக்னல் கிடைக்கிறதோ அவர்கள் மற்றவர்களின் பாஸ்வேர்டையும் போட்டு எல்லோருக்கும் அட்டென்டன்ஸ் வாங்கிவிடுவார்கள். போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தின் சன்னலோரத்தில்தான் பொற்கொடிக்குச் சிக்னல். சாயங்கால மூட்டம் சன்னலை அடைத்து நிற்க, அணைந்த அடுப்பின் புகையும் ஈரக்காயின் நெடியும் தொண்டையில் ஒட்ட, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அனுசியா பேர்ல நீ உள்ள வந்தியா?" போடியில் இருந்த லிங்கேஸ்வரனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நான் எதுக்கு வர்றேன்? அவ குரல்ல பேசறேன்னு நீதான சொன்ன. வெரசா பேசி முடி, எனக்குச் சோலி கெடக்கு."

நேற்று அவர்கள் மூவரும் குழு புராஜெக்டுக்கு ஒத்திகை பார்த்தார்கள். குரங்கணிக்கு மேலே சிக்னல் தேடிப் பாறையில் நின்ற அனுசியாவின் குரல் விட்டுவிட்டு வந்தது.

"இன்னும் மேல ஏறு, ஆத்தா. பாறை உன்னைய முழுங்கிருமா?" என்றாள் பொற்கொடி. லிங்கேஸ்வரன் சிரித்தான்.

கல் உருண்டது. ஒரு அலறல். பிறகு பள்ளத்திலிருந்து வெகுநேரம் முனகல். அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டு இருவரும் ஒத்திகையை முடித்தார்கள்.

வெளியே தெரிந்தால் இன்றைய புராஜெக்ட் தேர்வு நின்றுபோகும். தேர்வு நின்றால் படிப்பும் நின்றுபோகும். விடிந்ததும் ஏலக்காய் பறிக்கும் வேலைக்குப் போகிற ஜீப்பில் பொற்கொடியை வீட்டில் ஏற்றிவிடுவார்கள். காலையில் அனுசியாவின் அப்பா பால்ராஜ் போன் செய்தபோது, "போடிக்குப் போறேன்னு சொன்னா, மாமா," என்று பொற்கொடி சொல்லிவிட்டாள். அவர் இன்னும் போடி பஸ் ஸ்டாண்டில் தேடிக்கொண்டிருக்கிறார்.

வகுப்பில் சார் வந்தார். "மூணு பேரும் பேசணும். ஒருத்தர் பேசலைன்னாலும் யாருக்கும் மார்க் கெடையாது."

லிங்கேஸ்வரன் பேசினான். பொற்கொடி பேசினாள். திரையில் அனுசியாவின் கட்டம் கறுப்பாகவே இருந்தது. அதிலிருந்து மூச்சு வந்தது. ஈர மூச்சு.

அம்மாவின் போனை எடுத்து மடியில் வைத்தாள்.

இப்போது மூச்சு போனுக்குள் இல்லை.

தோளுக்குப் பின்னால்.

"அட, அனுசியா உன் பக்கத்துலதான் இருக்காளா?" சார் திரையை நெருங்கிப் பார்த்தார். "ஏம்மா, கழுத்த அப்படிச் சாச்சு வச்சிருக்க? போனை அவகிட்ட குடு, பொற்கொடி."

லிங்கேஸ்வரன் வாயைப் பிளந்தபடி பின்வாங்கினான். நாற்காலி விழுந்தது. அவன் கட்டம் அணைந்தது.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

"குடும்மா. இல்லைன்னா பூச்சியம் போட்டுருவேன்."

பொற்கொடி திரும்பவில்லை. விடிந்தால் வரும் ஜீப்பை நினைத்தாள். வகுப்பு ஓடிக்கொண்டிருந்த தன் போனைத் தோளுக்கு மேலே நீட்டினாள்.

மண் அப்பிய விரல்கள் வாங்கிக்கொண்டன. போனை மட்டுமல்ல. கையையும்.

"வணக்கம் சார்."

அனுசியாவின் குரலில் பேச்சு தடங்கலே இல்லாமல் ஓடியது. சார் தலையாட்டி மார்க் போட்டார். மடியில் கிடந்த அம்மாவின் போனின் கறுப்புக் கண்ணாடியில், பொற்கொடியின் தோள்மீது ஒரு முகம் சாய்ந்திருந்தது. அதன் தாடை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.