சங்கில் ஊறிய தண்ணீர்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, நிறைமாத அக்கா, இரவு வேலையை விட்டுவிட்டு அக்காவின் சோபாவில் ஒண்டிக்கொண்டிருந்த நான். அப்பாவின் சங்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டே இந்த நாட்டுக்கு விமானத்தில் வந்தார். குடிவந்த மறுநாள் காலை ஊதினார். பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட்டார்கள். அதன்பின் ஊதவில்லை. இரவெல்லாம் அதில் தண்ணீரை ஊறவைத்து, விடிந்ததும் ஆளுக்கொரு கரண்டி கொடுப்பார். "இதையும் விட்டுட்டா நாம இங்க யாரு?" என்பார். அவர் செத்தபின் கரண்டி அம்மா கைக்கு வந்தது.

அன்று தண்ணீர் அழுகிய மீன்போல நாறியது. கரண்டியிலிருந்து கோழையாக நூல்விட்டது. அதைக் குடித்த கையோடு அக்கா வாந்தியெடுத்தாள். வயிற்றில் பிள்ளை அசைவது குறைந்துவிட்டது என்று முந்தின நாள்தான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"அதை நிறுத்தித் தொலையேம்மா. பிள்ளை போயிடும்."

"குளிக்கிறதையே நிறுத்தினவன் நீ. சாமி காரியத்துல யோசனை சொல்ல வந்துட்டான்."

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துச் சங்கைச் சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். பழைய பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் சளி வழிந்தது. புகையிலை நாற்றம். அப்பாவின் வாய் நாற்றம்.

பிரஷ் மெத்தென்ற எதிலோ இடித்தது.

மாட்டிக்கொண்டது.

எடுக்க விரலை விட்டேன். வெதுவெதுப்பாக, சொரசொரப்பாக ஒன்று விரலைச் சுற்றி நக்கியது.

ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். நாக்கு. நடுவில் ஆழமான பிளவு. சாகும்போது அப்பாவுக்குக் கடைசித் தண்ணீர் விட்டவன் நான். அந்தப் பிளவு எனக்குத் தெரியும்.

சங்கைப் போட்டுவிட்டு அங்கேயே வாந்தியெடுத்தேன்.

நிமிர்ந்தபோது அக்கா பக்கத்தில் நின்றாள். வாந்தியில் கிடந்த சங்கை எடுத்தாள். கழுவவில்லை. நேராக வாயில் வைத்து உறிஞ்சினாள்.

"அக்கா, வேணாம்! உள்ள என்னமோ இருக்கு!"

அவள் தொண்டை பெரிதாகப் புடைத்து, மெல்ல இறங்கியது. சங்கைக் கவிழ்த்துக் காட்டினாள். பிரஷ் மட்டும் விழுந்தது.

"அவ்வளவுதான்டா. இனி நாறாது."

என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"அசையுது பாரு."

அசைந்தது. துணிக்கடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, நிதானமாக ஒன்று என் உள்ளங்கையை நக்கிக்கொண்டு போனது.

அக்கா சிரித்தாள். அவள் வாயில் புகையிலை நாறியது. சங்கை மார்போடு அணைத்துக்கொண்டு பூஜை அறைக்குள் போனாள். கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டிக்கொண்டாள்.