வலிதாங்கி

சூறை முந்நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போது அந்த நடுக்கம் மறுபடியும் வந்தது.

பெரிய நடுக்கம் இல்லை. இருக்கைக்குக் கீழே, இடது பக்கமாக, யாரோ நகத்தால் தகரத்தைச் சுரண்டுவது போல. மகுடேஸ்வரன் காலைத் தளர்த்தினான். உடனே நின்றுவிட்டது. கோவையிலிருந்து சேலம் போகும் மேல்தட விரைவுச்சாலை காலை வெயிலில் ஆளில்லாமல் நீண்டு கிடந்தது.

"உணரப்பட்டது. இடம் தெளிவாக இல்லை. அதே வேகத்தில் மீண்டும் செல்லவும்" என்றது கார்.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கார். சூறைக்கு ஆரம்பத்தில் சில கோளாறுகள் வரும் என்று விற்கும்போதே சொல்லியிருந்தார்கள். பழகுகாலம் என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் கார் தன்னை ஓட்டுபவரின் கைகால்களுக்கு ஏற்ப இறுகியும் தளர்ந்தும் வடிவம் கொள்ளும். அதன் ஆயிரக்கணக்கான மூட்டுகளில் எது சரியாக உட்காரவில்லையோ அதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும். ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தது. வலது பின்சக்கரத் தாங்கியின் உள்வளையம் என்றது. பிரித்துப் பார்த்தால் அதேதான். பிரேக் தட்டில் மயிரிழை விரிசல் என்றது, அதுவும் சரி. பம்புசெட் தொழிற்சாலை நடத்தும் மகுடேஸ்வரனுக்கு இது மாயமாகத் தெரிந்தது. அவனுடைய தொழிற்சாலையில் ஒரு மோட்டாரின் முனகல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

மறுபடி அழுத்தினான். நடுக்கம் வந்தது. ஆனால் இந்த முறை ஒலிபெருக்கியில் காரின் குரல் வரவில்லை. ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"போதும்... காலை எடுக்கச் சொல்லுங்க. விலா பிச்சுக்கிட்டுப் போகுது. யம்மா..."

குரல் பாதியில் அறுந்தது.

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். கார் நிறுவனத்தின் சேவையகத்தில் அவன் காருக்குப் பொறுப்பாளர் சுவர்ணா. அவளை அழைத்தான்.

"ஏனுங்க, என்ற கார்ல யாரோ ஒரு பொம்பள அழுகறாங்க."

"மன்னிச்சுக்குங்க சார். ஒலித்தடம் கசிஞ்சிருக்கு. இனிமே வராதுங்க."

"அதைக் கேக்கல. யாருங்க அது?"

"உங்க வலிதாங்கி சார்" என்றாள் சுவர்ணா.

மறுநாள் காலை நீலம்பூரைத் தாண்டி இருந்த நிறுவனத்தின் உணர்வகத்துக்கு அவள் அவனை அழைத்துப் போனாள். நடந்துகொண்டே விளக்கினாள். ஒரு சூறைக்குள் லட்சம் உணரிகள். புதுக் காரில் அத்தனையும் ஓயாமல் எச்சரிக்கும். எது பொய், எது மெய் என்று பிரிக்க எந்தக் கணினியாலும் முடியவில்லை.

"மனுச உடம்பு பிரிச்சுடும் சார். கால்ல முள்ளுக் குத்துனா எந்தக் கால்னு யோசிப்பமா? அந்த லட்சம் உணரியையும் ஒருத்தர் முதுகுத்தண்டுல இணைச்சுட்டோம். கியர் பக்கம் இடுப்பு, சக்கரமெல்லாம் முட்டியும் மணிக்கட்டும், பிரேக்குக்குப் பல்லு. எங்க வலிக்குதுன்னு அவங்க சொல்லுவாங்க. அதைத்தான் கார் உங்களுக்குச் சொல்லுது."

குளிரூட்டப்பட்ட நீண்ட கூடம். சாய்வு நாற்காலிகளில் ஆண்களும் பெண்களும் படுத்திருந்தார்கள். பிடரியிலிருந்து இடுப்புவரை ஒவ்வொருவருக்கும் பட்டையான கறுப்பு நரம்புப்பட்டை. ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே திடீரென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "முன்சக்கரம், வலது" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

முனீஸ்வரிக்கு முப்பது வயதிருக்கும். பரமக்குடிப் பக்கத்துக்காரி. மடியில் முறுக்குப் பொட்டலம் வைத்திருந்தாள். இவன் யார் என்று சுவர்ணா சொன்னதும் தலை முதல் கால்வரை பார்த்தாள்.

"நீங்கதானா அந்தக் காலு?"

மகுடேஸ்வரன் ஓரடி பின்வாங்கினான். "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அந்த வேகத்துல போயிருக்கவே மாட்டனுங்க."

"அய்யய்யோ, அப்பிடி மட்டும் செஞ்சுறாதீங்க சார். என்னைய யாரும் பிடிச்சு இழுத்துட்டு வரல. எங்க ஊருல செங்கச் சூளைக்குப் போனா நெஞ்சு போகும். அக்கா பட்டாசுக்குப் போனா, கை போச்சு. இதுல எதுவும் போகாது, வலி மட்டுந்தான். ஆனா ஒண்ணு. அரைகுறையா ஓட்டாதீங்க. நேத்து, அதுக்கு முந்தியெல்லாம் தொட்டுத் தொட்டுக் கால எடுத்தீங்கள்ல? அதான் கொடுமை. விலாவுக்குள்ள எங்கிட்டோ இருக்கு, பிடிபட மாட்டேங்குது. ஒரே தடவ அமுத்திப் பிடிச்சு ஓட்டுங்க. நான் கத்துவேன். கத்தட்டும்னு விடுங்க. இடம் தெரிஞ்சுரும், சொல்லிருவேன். அவங்க மாத்திருவாங்க. நானும் எந்திரிச்சு வீட்டுக்குப் போவேன்."

"இப்பவே பட்டையக் கழட்டிட்டா?"

சுவர்ணா குறுக்கிட்டாள். "கோளாறு தீராம இணைப்பை வெட்டக் கூடாது சார். அந்த வலி உடம்புலயே தங்கிடும். ஆள் மாத்தலாம், வெட்ட முடியாது."

"வேற யாராச்சும் ஓட்டிக் கண்டுபிடிங்க. இல்லைனா பிரிச்சுப் பாருங்க."

"கார் உங்க காலுக்குப் பழகிடுச்சுங்க. வேற யார் ஓட்டினாலும் அந்த நடுக்கம் வராது. எந்த மூட்டுன்னு தெரியாமப் பிரிச்சா மறுபடி சேர்க்க முடியாது."

அன்று வீடு திரும்பும்போது அவன் எண்பதைத் தாண்டவில்லை. அந்த வாரம் இரண்டு முறை விரைவுச்சாலைக்குப் போனான். இரண்டு முறையும் இருநூற்றைம்பதை நெருங்கியதும் முறுக்குப் பொட்டலமும் அந்த முகமும் கண்முன் வந்தன. திரும்பி வந்து காரைக் கொட்டகையில் விட்டு உறை போட்டு மூடினான். சேவையகத்திலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை.

"இத்தன ஆசைப்பட்டு வாங்கிட்டு மூடி வெச்சிருக்கீங்க?" என்று அவன் மனைவி தாரணி கேட்டாள்.

"ஓட்டுனா ஒருத்திக்கு வலிக்குது. ஓட்டாம இருந்தா வலிக்காதில்ல" என்றான். அதைச் சொன்னபோது மனதுக்கு இதமாக இருந்தது. சில வாரங்கள் அந்த இதம் நீடித்தது.

ஒரு நாள் சுவர்ணா வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஒருதடவை வந்து அவங்களைப் பாருங்க சார். எங்க அழைப்பைத்தான் நீங்க எடுக்கறதில்லை."

முனீஸ்வரி பாதியாக இளைத்திருந்தாள். இடது பக்கமாகச் சுருண்டு படுத்திருந்தாள். எழவில்லை.

"என்னாச்சுங்க? நான் காரைத் தொடவே இல்லையே!"

"அதான் ஆச்சு. நின்னாலும் வலிக்குது சார். ஏதோ ஒண்ணு தப்பா இறுகிப்போயி அப்பிடியே நிக்குது. சொத்தைப் பல்லு மாதிரி ராவும் பகலும் விண்ணு விண்ணுங்குது. ஓட்டுனாக் கூடும், கூடுனா இடம் தெரியும். நீங்க ஓட்டவும் மாட்டீங்க, ஒழியவும் மாட்டீங்க." மூச்சு வாங்கினாள். "எம்மேல எரக்கமாம்! உங்க எரக்கத்தச் சுமக்கத்தான் முடியல."

அவன் அங்கேயே நின்றான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பிறகு சுவர்ணாவிடம் திரும்பினான்.

"ஆள் மாத்தலாம்னு சொன்னீங்கல்ல. என்மேல மாத்துங்க."

"ஓட்டறவரே தாங்கறது வழக்கமில்லைங்க."

"கூடாதுன்னு இருக்குதா?"

அப்படி விதி எதுவும் இருக்கவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பட்டையை அவன் முதுகில் ஒட்டியபோது முதலில் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. பிறகு இடது விலாவுக்கு உள்ளே, கை எட்டாத ஆழத்தில், ஒரு துருப்பிடித்த ஆணியை யாரோ மெல்லத் திருகத் தொடங்கினார்கள். பக்கத்து நாற்காலியில் முனீஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். நீளமாக மூச்சை இழுத்து விட்டாள். மிதிபட்ட புல் நிமிர்வது போல அவள் முதுகு நிமிர்ந்ததை அவன் பார்த்தான். அந்த ஒரு காட்சிக்காகவே எதையும் தாங்கலாம் என்று அந்த நொடியில் தோன்றியது.

"சீக்கிரம் முடிச்சிருங்க சார்" என்றாள் அவள். "தள்ளிப் போடாதீங்க."

அன்றே பட்டையோடு விரைவுச்சாலைக்குப் போனான். நூற்றைம்பதில் ஆணி சூடேறியது. இருநூறில் இரண்டானது. இருநூற்றைம்பதைத் தாண்டும்போது கண் இருட்டியது. தெளிந்து பார்த்தால் கார் எழுபதில் போய்க்கொண்டிருந்தது. அவன் காலை எடுக்கவில்லை. கால் தானாக எழுந்துகொண்டது. அடுத்த நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். அடுத்த நாள் தொடையின் மேல் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டு போனான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கால் அவனை ஏமாற்றியது.

வீட்டில் ஆணி நிற்கவில்லை. குளித்தாலும் படுத்தாலும் திருகிக்கொண்டே இருந்தது. காயமே இல்லாத வலிக்கு மருந்தில்லை என்று மருத்துவர் கையை விரித்தார். சாப்பாட்டில் ருசி போயிற்று. பள்ளியில் நடந்ததைச் சொல்ல வந்த மகளைப் பார்த்து "போ அந்தப் பக்கம்" என்று கத்தினான். அவள் அழுதுகொண்டே போனதை உணரவே அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"அந்த வலிய நல்ல மனசுலதான் வாங்கிட்டு வந்தீங்க, ஒப்புக்கறேன்" என்றாள் தாரணி. "ஆனா இப்ப இந்த வீட்டுல நாலு பேரு அந்த வலியோட இருக்கறோம். உங்க அம்மாவும் பேசப் பயப்படறாங்க."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

மறுநாள் உணர்வகத்துக்குப் போனபோது சுவர்ணா ஆச்சரியப்படவில்லை.

"இதுக்காகத்தான் சார் ரெண்டையும் பிரிச்சே வெச்சிருக்கோம். அமுத்தறவருக்கு வலிக்கக் கூடாது. வலிக்கறவர் கையில வண்டி இருக்கக் கூடாது. வலிய ஒரு உடம்புல இருந்து இன்னொண்ணுக்கு அனுப்பறது பெரிய விசயமில்லைங்க. நடுவுல இருக்கற தூரம்தான் எங்க கண்டுபிடிப்பு."

முனீஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சற்றுத் தேறியிருந்தாள். அவனைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எதுவரைக்கும் போனீங்க?"

"இருநூத்தி அம்பதுங்க."

"நான் முந்நூறு பாத்தவ" என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை. நாற்காலியில் படுத்துப் பிடரி முடியை ஒதுக்கிக் கொடுத்தாள். "மாட்டுங்கம்மா."

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது. வாயும் இருந்தது.

ஆணி கழன்றது. அத்தனை நாட்களுக்குப் பிறகு உடம்பு மறுபடி உடம்பாக இருந்தது. கண்ணில் நீர் வந்தது. அது அவளுக்காக இல்லை, சுகத்தினால் என்பது அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து காரில் ஏறினான்.

அன்று கால் ஏமாற்றவில்லை. இருநூற்றைம்பது சட்டென்று கடந்தது. முந்நூறில் நடுக்கம் வந்தது. அவன் அழுத்தினான். அது விலாவில் எப்படித் திருகும், எத்தனையாகப் பிளக்கும், எங்கே கண் இருட்டும் என்று அணு அணுவாக அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனாலேயே அழுத்தினான். மறுபடி அது தன்னிடம் வந்துவிடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவன் மனதில் எதுவும் இல்லை. முந்நூற்றிருபது. முந்நூற்று நாற்பது.

"கண்டறியப்பட்டது" என்றது கார். "இடது பின் இணைப்புத்தண்டு, மூன்றாவது மூட்டு. வேகத்தைக் குறைக்கலாம்."

குறைக்கச் சிறிது நேரம் பிடித்தது.

மூட்டை மாற்றினார்கள். இணைப்பை வெட்டினார்கள். முனீஸ்வரி எழுந்து நடந்தாள். இடது கை மட்டும் தோளுக்குமேல் உயரவில்லை. ஓய்வுக்குப் பிறகு அவளுக்கு வேறொரு சூறையைக் கொடுத்தார்கள்.

மகுடேஸ்வரனின் ஓட்டம் நிறுவனத்தில் பேசப்பட்டது. அவ்வளவு விரைவாக, அவ்வளவு தயக்கமில்லாமல் யாரும் பழகுகாலத்தில் அழுத்தியதில்லை. பொறியாளர்கள் காரணத்தை ஆராய்ந்தார்கள். வலியைக் கேள்விப்பட்ட உரிமையாளர் இரக்கப்பட்டுத் தயங்குகிறார். வலியைக் கொஞ்சம் தாங்கித் திருப்பிக் கொடுத்தவர் தயங்குவதில்லை. அடுத்த ஆண்டு முதல் சூறை வாங்கும் எல்லோருக்கும் ஒரு நாள் நரம்புப்பட்டை மாட்டுவது முறையாயிற்று. 'உணர்வு நாள்' என்று அழகான பெயர் வைத்தார்கள். வலிதாங்கிகளை மதிக்கும் நிறுவனம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

முதல் உணர்வு நாளுக்கு மகுடேஸ்வரனைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். அவன் போனான். வரிசையில் நின்றிருந்த புது உரிமையாளர்களில் இளம்பெண் ஒருத்தி, சட்டையின் பின்பொத்தான்களை அவிழ்த்துப் பிடரியைக் காட்டியபடி, பயந்த முகத்தோடு அவனிடம் கேட்டாள்.

"ரொம்ப வலிக்குமாங்க?"

"வலிக்குமுங்க. ஒரு நாள்."

"அப்புறம்?"

"அப்புறம் வலிக்காதுங்க" என்றான்.