பச்சை நூல் தைத்த செருப்பு

எங்கள் ஆபீசுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. ஒரு காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கித் தியானம் செய்த வீடு அது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, வேப்பமரம் மூடிய பழைய மாடி வீடு. சென்னையில் இருக்கும் ஒரு பெரிய வக்கீல் நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்து, இந்தப் பக்கத்துச் சட்டப் பட்டதாரிகளை உட்கார வைத்து, கம்பெனிகளின் ஒப்பந்தங்களைப் படிக்க வைத்தது. வீட்டுக்காரர் போட்ட ஒரே நிபந்தனை, செருப்பு வாசலோடு நிற்க வேண்டும். செருப்பைக் கழற்றியவன் சீக்கிரம் கிளம்ப மாட்டான் என்று நினைத்தோ என்னவோ, நிறுவனமும் சரி என்றது.

அன்று காலை நான் வந்தபோது செருப்பு ஸ்டாண்ட் முக்கால்வாசி காலி. போன வருஷம் இடமில்லாமல் படிக்கட்டு வரை செருப்பு கிடக்கும். அப்புறம் ஒப்பந்தத்தை மெஷினே படித்துவிடும் என்றார்கள். மாதாமாதம் சிலரை வீடியோ காலில் கூப்பிட்டார்கள். பேசி முடித்தவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அவருடைய வேலையையும் சேர்த்து மிச்சமிருப்பவர்கள் பார்ப்போம். நான் டீம் லீடர் என்று பெயர்தான். எனக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. என் ஆறு வயசு மகள் தென்றல் என்னை விளையாடக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அது ஒன்றுதான் மனசை அறுத்தது.

செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றேன்.

மேல் தட்டின் மூலையில் சக்கரவர்த்தியின் செருப்பு இருந்தது. பழுப்புத் தோல், அறுந்த வாரைப் பச்சை நூலால் தைத்திருப்பார். அவரை வேலையை விட்டு அனுப்பி ஒரு மாதம் ஆகிறது.

"சின்னசாமிண்ணா, சக்கரவர்த்தி சார் வந்திருக்காரா?"

வாட்ச்மேன் சின்னசாமி தலையைச் சொறிந்தார். "யாரும் வர்லீங்க மேடம். கதவத் தொறந்ததுலேர்ந்து நான் இங்கதான் குந்திங்கீறேன்."

உள்ளே யூகலிப்டஸ் தைல வாசனை அடித்தது. தலைவலிக்கு அவர் தடவுவது. ஜன்னலோரத்து அவர் மேசை காலியாகத்தான் கிடந்தது. யாராவது தடவியிருப்பார்கள், இந்த ஆபீசில் தலைவலி இல்லாதவர் யார் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மத்தியானம் கரண்ட் போனது. செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாற்றாமல் விட்டிருந்தார்கள். திரைகள் எல்லாம் அணைந்தன. மின்விசிறிகள் மெல்லச் சுற்றி நின்றன. வேப்பமரத்துக் காக்கைகூடச் சத்தம் போடவில்லை.

கீபோர்டு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பக்கத்து சீட்டு சந்திரகலா என் கையைப் பிடித்தாள். "மேடம், கேக்குதா?"

"கேக்குது."

"எலியா இருக்குமா?"

"எலி இவ்ளோ வேகமா டைப் அடிக்காதும்மா."

எழுந்து போனேன். ஜன்னலோரம் போகப் போகத் தைல வாசனை கண்ணைக் கரித்தது. நாற்காலிக் குஷன் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

சுடச்சுட இருந்தது.

என் கண்ணெதிரே ஒரு கீ தானாக அமுங்கி எழும்பியது. பிறகு ஒரு பெருமூச்சு. பயமுறுத்துகிற பெருமூச்சு இல்லை. சாயங்காலம் நானே விடுகிற அதே பெருமூச்சு.

வேலை முடிந்ததும் ஸ்கூட்டரை அடி அண்ணாமலைக்கு விட்டேன். கிரிவலப் பாதையில் சக்கரவர்த்தியின் குடும்பத்துக்கு ஒரு டீக்கடை உண்டு. அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"சார், உங்க செருப்ப ஆபீஸ்லயே விட்டுட்டீங்களா?"

"இல்லியே மேடம்." பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். பழுப்புத் தோல், பச்சை நூல். காலையில் நான் பார்த்த அதே செருப்பு.

"வேலை போனாலும் நிம்மதியா தூங்கலாம்னு பார்த்தேன்," என்றார். "முடியல மேடம். நாள் பூரா டைப் அடிச்ச மாதிரி கை நோவுது. கடைய விட்டு நான் எங்கயும் போறதில்ல. ஆனா பாருங்க, செருப்பு தேஞ்சிகினே போவுது."

நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவர் குனிந்து செருப்பின் பச்சை நூலை விரலால் தடவினார்.

"கடைசி நாள் கெளம்பும்போது என்ன பண்ணீங்க சார்?"

"ஒண்ணும் பண்ணல. எல்லார்கிட்டயும் போயிட்டு வரேன்னு சொன்னேன். எப்பவும் சொல்றதுதானே." டீ ஆற்றும் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் தணிந்தது. "அத சொல்லியிருக்கக் கூடாதோ?"

சின்ன வயசில் 'போறேன்' என்று சொன்னால் அம்மா வாயிலேயே அடிப்பாள். அப்படி வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அனுப்பப்பட்ட ஒவ்வொருவரும் வாசலில் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் டீக்கடைக்குப் போய் வந்த மறுநாளிலிருந்து ஸ்டாண்டில் அவர்கள் செருப்புகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அந்த வாரம் சென்னையிலிருந்து எங்கள் மேனேஜர் ராஜேந்திரன் சார் வீடியோவில் வந்தார். ஏதோ கணக்கைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "என்ன மதிவதனி, ஆளக் குறைச்சும் உங்க பிராஞ்ச்ல வேலை குறையவே இல்லையே?"

மறைத்து என்ன ஆகப்போகிறது என்று உண்மையைச் சொன்னேன். "போனவங்க வேலைய போனவங்களே பார்க்கிறாங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"நல்லதுதானே," என்றார். "அப்ப இன்னும் ரெண்டு மூணு பேரக் குறைக்கலாம்."

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

அழுகை வரவில்லை. வேலை போனால் போகட்டும், முழுசாக வீடு போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்றே எண்ணமாக இருந்தது. மிச்சம் இருக்கிற நானாவது தென்றலுக்கு வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு "போறேன்" என்றேன். நாற்காலியிடம் சொன்னேன். சந்திரகலாவைக் கட்டிக்கொண்டு, "நான் போறேம்மா" என்றேன். அவள் திடுக்கிட்டு என் வாயைப் பொத்தினாள். ஜன்னலோரத்தில் கீபோர்டு சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

வாசலில் என் செருப்பை மாட்டினேன். போன வாரம்தான் வாங்கியது. ஸ்கூட்டர் ஓட்டத் தெம்பில்லாமல் கூப்பிட்டிருந்த ஆட்டோ வந்து நின்றது. அவ்வளவுதான், தப்பித்துவிட்டேன்.

சின்னசாமி ஓடி வந்து என் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. "நீங்களுமா மேடம்? உடம்பப் பார்த்துக்கோங்க."

மூன்று வருஷம் தினமும் கதவு திறந்து விட்டவர். நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"வரேண்ணா," என்றேன்.

ஆட்டோ கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். பகலெல்லாம் படுத்துக் கிடந்தாலும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது. நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்த தென்றல் ஆசையாக என் மடியில் படுத்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. முதுகைத் தட்டிக் கொடுத்தேன். சற்று நேரத்தில் நெளிந்தாள்.

"அம்மா, ஏம்மா என் முதுகுல டைப் அடிக்கிறே?"

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். அப்போது போன் அடித்தது. சந்திரகலா. கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"மேடம், நீங்க வீட்லதானே இருக்கீங்க?"

"ஆமா."

"உங்க சீட்ல..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இந்தத் தடவ ஆளே தெரியுது. கூப்பிட்டேன், திரும்பல. ரொம்ப அசந்து போயிருக்காங்க மேடம்."

"சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல மேடம். கையக் காட்டி அப்புறம்னு சொல்றாங்க."

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். வீடு வந்த அன்று கழற்றிப் போட்ட என் புதுச் செருப்பு அதே இடத்தில் கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை. இப்போது கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே இன்னும் கால் சூடு இருந்தது.